குழந்தைகள் சேர்ந்திசைக் குழு: பெற்றோரும் நடத்துவோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தெருவிலோ குடியிருப்பிலோ கோயில், தேவாலய வளாகத்திலோ வாரம் ஒருமுறை பிள்ளைகளைக் கூட்டிப் பாடவைக்கும் குழுக்கள் தமிழ்நாட்டில் பல ஊர்களில் இருக்கின்றன. பிள்ளையைச் சேர்க்கலாமா என்று யோசிக்கும் பெற்றோரும், தங்கள் ஊரில் ஒரு குழு தொடங்க நினைப்போரும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் இருக்கிறது.

எல்லோரும் ஒன்றாகப் பாடுவதுதானே சேர்ந்திசை? பஜனைக்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

பஜனையில் ஒருவர் எடுத்துக்கொடுப்பார், மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். எல்லோருக்கும் ஒரே மெட்டு. சேர்ந்திசையில் ஒரே நேரத்தில் இரண்டு, மூன்று வரிசைகள் வெவ்வேறு ஸ்வரங்களில் ஓடலாம். அவை சேரும்போது பிறக்கிற நாதம்தான் பாட்டு. தேவாலயங்களில் நான்கு குரல் பாடும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. தேவாலயத்துக்கு வெளியே, தமிழிலும் பிற இந்திய மொழிகளிலும் சேர்ந்திசையை வளர்த்தவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன் (1925–1988). மெட்ராஸ் யூத் கொயர் என்ற சேர்ந்திசைக் குழு அவர் தொடங்கியது. இந்திய ராகங்களை வைத்துக்கொண்டே பல குரல்களில் பாட முடியும் என்று காட்டியவர் அவர். இன்று பிள்ளைகளுக்குச் சேர்ந்திசை சொல்லித்தருகிற பலரும் அந்த வழியில்தான் நடக்கிறார்கள்.

எந்த வயதில் சேர்க்கலாம்? குரல் தேர்வு உண்டா?

8 வயது நல்ல தொடக்கம். ஒரு வரியைப் படித்து நினைவில் வைப்பதும், பக்கத்தில் இருப்பவர் வேறு மெட்டுப் பாடும்போது தன் மெட்டை விடாமல் பிடிப்பதும் பெரும்பாலும் அந்த வயதில்தான் கைகூடும். 5 முதல் 7 வயதுப் பிள்ளைகளுக்கு அரை மணி நேரத் தனி வகுப்பு போதும். விளையாட்டும் தாளமும் சின்னப் பாட்டுமாக அது இருக்கட்டும்.

ஊர்க் குழு என்றால் தேர்வு வைத்து யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது. சேரும் நாளில் 5 நிமிடம் தனியாகப் பாடச் சொல்லி, குரல் எதுவரை இறங்குகிறது, எதுவரை ஏறுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். எந்த வரிசையில் உட்காரவைப்பது என்று முடிவு செய்ய மட்டுமே அந்தக் குறிப்பு.

எத்தனை பிள்ளைகள், எத்தனை பெரியவர்கள்?

24 முதல் 36 பிள்ளைகள் நல்ல அளவு. 15-க்குக் கீழே போனால் இரண்டு குரல் நிற்காது. பரீட்சை, காய்ச்சல் என்று நான்கு பேர் வராவிட்டால் ஒரு வரிசையே காலியாகிவிடும். 40-க்கு மேல் போனால் ஒவ்வொரு பிள்ளையின் குரலையும் ஒரே ஆளால் கேட்க முடியாது. பாட்டு நடத்த ஒருவர், கீபோர்டோ ஆர்மோனியமோ வாசிக்க ஒருவர், வருகைப் பதிவு, தண்ணீர், கழிப்பறைக்குத் துணை என்று பார்த்துக்கொள்ள இரண்டு பேர். மொத்தம் நான்கு பெரியவர்களுக்குக் குறையக் கூடாது.

ஒரு வகுப்பு எப்படி நடக்கும்?

75 நிமிடம். முதல் 10 நிமிடம் உடலுக்கும் குரலுக்கும். தோளைச் சுழற்றி, நீள மூச்சுவிட்டு, உதட்டை அதிரவைத்துப் பஸ் ஓட்டுவதுபோல் ஒலி எழுப்பி, பிறகு வாய் மூடி ‘ம்’ என்று கீழிருந்து மேலே போய்த் திரும்ப வேண்டும். அடுத்த 20 நிமிடம் புதுப் பாட்டு. அப்போதுதான் மனம் விழிப்பாக இருக்கும். நடுவில் 5 நிமிடம் தண்ணீர். பிறகு 25 நிமிடம் வரிசை வரிசையாகப் பயிற்சி. கடைசி 15 நிமிடம் நன்றாகத் தெரிந்த பாட்டை முழுதாகப் பாட வேண்டும். பிள்ளை வீட்டுக்குப் போகும்போது வாயில் முணுமுணுப்பது கடைசியாகப் பாடியதைத்தான். அதனால் வராத பகுதியோடு வகுப்பை முடிக்காதீர்கள்.

புதுப் பாட்டைச் சொல்லித்தரும்போது முதலில் சொல் வேண்டாம். மெட்டை ‘லா’வில் இரண்டு முறை நீங்கள் பாடுங்கள், அவர்கள் கேட்கட்டும். மூன்றாம் முறை அவர்கள் தாளம் மட்டும் போடட்டும். நான்காம் முறை ‘லா’வில் உடன் பாடட்டும். சொல் அதன் பிறகு வரட்டும். முதல் தடவையே தாளைக் கையில் கொடுத்தால் கண் தாளில் இருக்கும், காது மூடிக்கொள்ளும்.

எந்தக் கட்டையில் பாடவைப்பது?

அதிகமாகப் பிழை நடக்கிற இடம் இது. பெரியவர்கள் தங்கள் குரலுக்கு வசதியான சுருதியில் பிள்ளைகளையும் பாடவைத்துவிடுகிறார்கள்.

கட்டை என்பது ஸட்ஜத்தை, அதாவது ‘ஸ’வை, வைக்கும் சுருதி; ஸ்தாயி என்பது ஒரு ‘ஸ’ முதல் அடுத்த ‘ஸ’ வரை. கீபோர்டின் நடு ஸ்தாயியில் 1 கட்டையை (C) எடுங்கள். 8 முதல் 12 வயதுப் பிள்ளைகளில் பெரும்பாலோர் அங்கிருந்து மேலே ஒரு ஸ்தாயியும் அதற்கு மேல் ஒன்றிரண்டு ஸ்வரமும் சிரமமில்லாமல் பாடுவார்கள். கீழே இறங்கினால் இரண்டு ஸ்வரம் வரை கிடைக்கும், ஆனால் ஒலி வலுவாக வராது. பாட்டின் கடைக்கோடி ஸ்வரங்கள் இரண்டையும் இந்த எல்லைக்குள் பொருத்துங்கள்.

ஸட்ஜத்தில் தொடங்கித் தார ரிஷபத்தோடு (மேல் ஸ்தாயி ‘ரி’) நிற்கும் பாட்டுக்கு நடு ஸ்தாயி 1 கட்டை சரியாக வரும். மந்திர பஞ்சமம் (கீழ் ஸ்தாயி ‘ப’) வரை இறங்கித் தார ஸட்ஜத்தைத் தொடும் பாட்டு என்றால் 2 கட்டைக்கு ஏற்றுங்கள். மேலே தார பஞ்சமம் வரை போகும் கச்சேரி வகைப் பாட்டு என்றால், பெண்கள் பாடும், நடு ஸ்தாயிக்குக் கீழே உள்ள 5½, 6 கட்டை பொருந்தும். ஆனால் அதே 5½ கட்டையில் மந்திர ஸ்தாயிக்கு இறங்குகிற பாட்டை எடுத்தால் பிள்ளைகள் பேசத்தான் செய்வார்கள், பாட மாட்டார்கள். ‘இந்தக் குழுவுக்கு இந்தக் கட்டை’ என்று ஒன்று கிடையாது. ஒவ்வொரு பாட்டுக்கும் தனியாகப் பார்க்க வேண்டும்.

ஆண் ஆசிரியர் சொல்லித்தரும்போது இன்னொரு சிக்கல் உண்டு. அவர் குரல் பிள்ளைகளின் குரலுக்கு ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும். சின்னப் பிள்ளைகள் அதை அப்படியே பிடிக்கப் பார்த்துத் தொண்டையை அழுத்தி உறுமுவார்கள். முதல் சில வாரங்கள் மெட்டைக் கீபோர்டிலோ வயலினிலோ பிள்ளைகளின் ஸ்தாயியில் வாசித்துக்காட்டுங்கள், அல்லது நன்றாகப் பாடும் ஒரு மூத்த பிள்ளையைப் பாடச் சொல்லுங்கள்.

‘இன்னும் சத்தமாக!’ என்று சொல்லாதீர்கள். சத்தமாகப் பாடச் சொன்னால் பிள்ளை கழுத்து நரம்பு புடைக்கக் கத்தும், சுருதி ஏறும், ஒரு மணி நேரத்தில் குரல் கம்மும். ‘அந்தக் கடைசிச் சுவர் வரை போகட்டும்’ என்று சொன்னால் மூச்சை நீட்டிப் பாடும்.

என் பிள்ளைக்குச் சுருதியே சேரவில்லை. நிறுத்திவிடலாமா?

நிறுத்த வேண்டாம். சுருதி சேராத பிள்ளைகளில் மிகப் பலருக்குக் காதில் குறை இல்லை. பேசும் குரலிலேயே பாட முயல்வார்கள், அவ்வளவுதான். குரலை மேலே தூக்கலாம் என்பது இன்னும் உடம்புக்குப் பிடிபடவில்லை.

முதலில் ஆம்புலன்ஸ் சைரன் போல ‘ஊ’ என்று கீழிருந்து மேலே இழுக்கச் சொல்லுங்கள். அந்த உயரத்தைக் குரல் தொடுகிறது என்று பிள்ளைக்கே தெரியட்டும். பிறகு நீங்கள் ஒரு ஸ்வரம் கொடுத்து அதைப் பிடிக்கச் சொல்லாமல், பிள்ளை தானாக ஏதாவது ஒரு ஸ்வரம் பாடட்டும். நீங்கள் போய் அதில் சேருங்கள். இரண்டு குரலும் ஒன்றும்போது காதில் அதிர்வு அடங்கிவிடும், ஒலி வழுவழுப்பாகும். அதைப் பிள்ளை ஒருமுறை உணர்ந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அங்கிருந்து ஒவ்வொரு ஸ்வரமாக மேலே அழைத்துப் போங்கள். 5 நிமிடம், வாரம் இரண்டு முறை இதைச் செய்தால் பெரும்பாலான பிள்ளைகளிடம் சில மாதங்களில் மாற்றம் தெரியும்.

குழுவில் உட்காரவைக்கும்போது திடமாகப் பாடும் இரண்டு பிள்ளைகளுக்கு நடுவில், முன்வரிசையில் வையுங்கள். பின்வரிசை ஓரத்தில் வைத்தால் பிடித்துக்கொள்ள ஒரு குரலும் கிடைக்காது. ஒரு காதைக் கையால் லேசாக மூடிக்கொண்டு பாடினால் தன் குரல் தனக்குக் கேட்கும்.

எந்த நிலையிலும் ‘நீ வாயை மட்டும் அசை’ என்று சொல்லக் கூடாது. 50 வயதிலும் ‘எனக்குப் பாட்டு வராது’ என்று சொல்கிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள். பலருக்கு 9, 10 வயதில் யாரோ சொன்ன இப்படி ஒரு வாக்கியம் நினைவிருக்கும். குழு தரும் நினைவுகளில் இதுவும் ஒன்றாகிவிடக் கூடாது.

மகனுக்கு 13 வயது. குரல் உடைகிறது. கொஞ்ச நாள் வராமல் இருக்கட்டுமா?

வரட்டும். இந்தக் காலத்தில் சில மாதங்களுக்கு ஐந்தாறு ஸ்வரங்கள்தான் கைக்குள் இருக்கும், அதுவும் வாரத்துக்கு வாரம் இடம் மாறும். அந்த ஐந்து ஸ்வரங்களுக்குள் அடங்கும் கீழ் வரிசை ஒன்றை அவனுக்கென எழுதிக்கொடுக்கலாம். ஸட்ஜத்தையும் பஞ்சமத்தையும் பிடித்து நிற்பதே அழகான வரிசை. முன்பு பாடிய உச்ச ஸ்வரங்களை எட்ட அழுத்தக் கூடாது. குரல் பிசிறும்போது யாரும் சிரிக்கக் கூடாது என்பதைக் குழுவின் விதியாகவே வையுங்கள். தாளம் போடுவது, சின்னப் பிள்ளைகளுக்கு வரி சொல்லித்தருவது என்று கூடுதல் பொறுப்பும் கொடுங்கள்.

இரண்டு குரலில் பாடவைக்க எங்கிருந்து தொடங்குவது?

நேராக இரண்டு வரிசைக்குப் போனால் பத்தாம் நிமிடம் எல்லோரும் மேல் வரிசையையே பாடிக்கொண்டிருப்பார்கள். படிப்படியாகப் போக வேண்டும்.

முதல் படி: பாதிப் பேர் ஸட்ஜத்தை ‘ஆ’ என்று பிடித்து நிற்க, மீதிப் பேர் மெட்டைப் பாடுவது. தம்புராவின் வேலையைப் பிள்ளைகளே செய்கிறார்கள். பிறகு இடம் மாற்றிக்கொள்ளட்டும்.

இரண்டாம் படி: சுற்றுப்பாட்டு. ஒரே மெட்டை முதல் அணி தொடங்க, ஒரு ஆவர்த்தனம் (தாளத்தின் ஒரு முழுச் சுற்று) கழித்து இரண்டாம் அணி அதையே முதலிலிருந்து தொடங்கும். இதற்கு மோகனத்தைப் போல உதவும் ராகம் இல்லை. ஸ, ரி, க, ப, த என்ற ஐந்து ஸ்வரங்களில் அரைச்சுரத் தொலைவில் எதுவும் இல்லை என்பதால், யார் எப்போது எந்த ஸ்வரத்தில் இருந்தாலும் காதுக்குக் குத்தாது. 8 அட்சரம் (தாள எண்ணிக்கை) கொண்ட ஆதி தாளத்தில் இரண்டு ஆவர்த்தனம் நீளமுள்ள நாலு வரி போதும்.

மூன்றாம் படி: மெட்டுக்குக் கீழே ஒரு சின்னச் சொற்றொடரைத் திரும்பத் திரும்பப் பாடும் அணி. படகுப் பாட்டு என்றால் ‘ஏலேலோ’ ஒன்றே போதும். இதெல்லாம் வந்த பிறகுதான் தனித்தனி மெட்டுள்ள இரண்டு வரிசை. அப்போது கீழ் வரிசையை முதலில் சொல்லிக்கொடுங்கள். மேல் மெட்டு காதில் ஏறிவிட்டால் பிறகு கீழ் வரிசை ஒட்டாது.

பல குரலில் பாடும் இடங்களில் கமகம் (ஸ்வரத்தை அசைத்துப் பாடுவது) வேண்டாம். ஒரு வரிசை காந்தாரத்தை அசைக்க, இன்னொன்று பஞ்சமத்தில் நின்றால் இரண்டும் சேர்ந்து நிற்காது. ஸ்வரத்தை நேராகப் பிடிக்க வேண்டும். அதனால்தான் தோடி போன்ற ராகங்கள் சேர்ந்திசைக்கு எளிதில் இணங்குவதில்லை. மோகனம், சங்கராபரணம், ஹரிகாம்போதி, கீரவாணி இணங்குகின்றன. முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுஸ்வர சாகித்தியங்கள், ஐரோப்பிய மெட்டுகளுக்கு அவர் சமஸ்கிருதத்தில் சொல் அமைத்தவை. கமகம் இல்லாமல் பாடப் பழக அவை நல்ல கையேடு.

மகள் கர்நாடக சங்கீதம் கற்கிறாள். இது அதைக் கெடுக்குமா?

கெடுக்காது. நேர் ஸ்வரத்தில் நிற்கப் பழகியவளுக்குச் சுருதி சுத்தம் கூடும். ஒன்றை மட்டும் சொல்லிவையுங்கள்: குழுவில் தனிக்குரல் மேலெழக் கூடாது. பக்கத்துப் பிள்ளையின் குரல் தன் காதில் விழவில்லை என்றால் தான் உரக்கப் பாடுகிறோம் என்று பொருள்.

முப்பது பேர் பாடும்போது சொல்லே புரிவதில்லையே?

குறிலும் நெடிலும் எல்லோருக்கும் ஒரே அளவில் இல்லாததால்தான். ‘ஊரைச் சுற்றி ஓடும் ஆறு’ என்று ஒரு வரி இருந்தால், ‘ஓடும்’ என்பதில் ‘ஓ’வை எத்தனை அட்சரம் இழுப்பது, ‘ம்’ எந்த அட்சரத்தில் மூடுவது என்று முடிவு செய்து தாளில் குறியுங்கள். வாயை ‘ம்’மில் சீக்கிரம் மூடிவிட்டால் நாதம் மூக்குக்குப் போய்விடும், உயிரெழுத்தை நீட்டிவிட்டு, பாட்டு நடத்துபவரின் கை மூடும்போது மெய்யை எல்லோரும் ஒன்றாக வைக்க வேண்டும். ‘வயல் எல்லாம்’ என்பதைப் பாதிப் பேர் பிரித்தும் பாதிப் பேர் ‘வயலெல்லாம்’ என்று சேர்த்தும் பாடினால் கேட்பவருக்கு இரண்டுமே புரியாது. ல, ழ, ள மூன்றையும் பாட்டில்லாமல், தாளத்தில் பேசிப் பழகுவது நல்லது.

மூச்சு எடுக்கும் இடத்தில் பென்சிலால் ஒரு சின்னக் கோடு. சொல்லின் நடுவில் மூச்சு கூடாது. வரி நீளம் என்றால் பக்கத்தில் இருப்பவர் எடுக்கும்போது நான் எடுக்க மாட்டேன் என்று ஜோடி ஜோடியாகப் பேசிக்கொள்ளட்டும். கேட்பவருக்கு இடைவெளியே தெரியாது.

பாடப் பாடத் தாளம் வேகமாக ஓடுகிறது. என்ன செய்ய?

நெடிலின் முடிவையும் வரி முடிந்தபின் வரும் மௌனத்தையும் பிள்ளைகள் விழுங்கிவிடுவார்கள். மௌன அட்சரங்களில் விரலால் தொடையைத் தட்டச் சொல்லுங்கள். எடுப்பு (பாட்டு தொடங்கும் இடம்) முதல் தட்டிலிருந்து அரை இடம் தள்ளி இருக்கும் பாட்டுகளில் முந்திக்கொள்வார்கள்; தட்டில் எல்லோரும் மனதுக்குள் ‘ம்’ சொல்லிவிட்டு எடுத்தால் சரியாக விழும்.

ஆண்டு முழுக்க என்னென்ன நடக்கும்?

பள்ளி திறந்து இரண்டு வாரம் கழித்து, ஜூன் கடைசியில் தொடங்குவது வசதி. ஆகஸ்ட் 15 கொடியேற்றத்தில் இரண்டே பாட்டு. புதுப் பிள்ளைகளின் மேடை பயம் அங்கே போகட்டும். நவராத்திரியில் கொலு வீடுகள், டிசம்பரில் கிறிஸ்துமஸ் பவனி, மார்கழிக் காலைப் பாடல் என்று அந்தந்த ஊர் வழக்கப்படி. அரையாண்டுத் தேர்வு டிசம்பரில் வருவதால், அந்த மாத நிகழ்ச்சிக்கான பாட்டுகள் நவம்பர் இறுதிக்குள் மனப்பாடம் ஆகியிருக்க வேண்டும். டிசம்பரில் புதுப் பாட்டு எடுத்தால் எந்த ஆண்டும் தடுமாற்றம்தான். பொங்கலுக்குப் பிறகு ஆண்டு நிகழ்ச்சி, மார்ச், ஏப்ரலில் ஓய்வு, மே மாதம் நான்கைந்து நாள் முகாம்.

முகாமை விட்டுவிடாதீர்கள். வாரம் ஒருமுறை சந்திக்கும்போது பாட்டு வளரும். சேர்ந்து சாப்பிட்டு, பாத்திரம் கழுவி, மொட்டை மாடியில் விளக்கில்லாமல் பாடும்போதுதான் குழு உருவாகிறது.

முதியோர் இல்லத்தில் பாடப் போகிறோம். என்ன கவனிக்க வேண்டும்?

25 நிமிடம் போதும். மைக் வேண்டாம். அவர்கள் இளமையில் கேட்ட பாட்டுகளில் நாலைந்தையாவது கற்றுப் போங்கள், சுருதியைக் குறையுங்கள், அவர்களும் பாடுவார்கள். பாடி முடித்ததும் வேனில் ஏறாமல் பிள்ளைகள் ஆளுக்கொரு தாத்தா பாட்டியின் பக்கத்தில் கால் மணி நேரம் உட்காரட்டும். கேட்காமல் யாரையும் படம் எடுக்காதீர்கள்.

மேடையில் எத்தனை மைக்?

30 பிள்ளைகளுக்கு இரண்டு அல்லது மூன்று. முன்வரிசையிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி, முன்வரிசைத் தலைக்கு ஒரு சாண் மேலே, பின்வரிசையைப் பார்த்துச் சற்றே சாய்த்து வைக்க வேண்டும். சிலர் கையில் ஆளுக்கொரு மைக் கொடுத்தால் அவர்களின் குரல்தான் கேட்கும். ஸ்பீக்கர் மைக்குக்கு முன்னால், கூட்டத்தைப் பார்த்து இருக்க வேண்டும். பின்னால் இருந்தால் ஊளையிடும். மைக்செட் அண்ணனிடம் எக்கோவை முழுக்கக் குறைக்கச் சொல்லுங்கள். அது சொல்லையும் இரண்டாம் வரிசையையும் குழப்பிவிடும். அரைவட்டமாக நின்றால் ஒருவரையொருவர் கேட்க முடியும். நேர்கோட்டில் நின்றால் இரு முனையும் வேறு வேறு வேகத்தில் போகும்.

மேடையில் பிள்ளைகள் மயங்கி விழுகிறார்களே?

வெறும் வயிறு, புழுக்கம், முழங்காலை விறைப்பாகப் பூட்டி நெடுநேரம் நிற்பது, இந்த மூன்றும் சேர்வதால். நிகழ்ச்சிக்கு ஒன்றரை மணி நேரம் முன் இரண்டு இட்லியோ ஒரு வாழைப்பழமோ, போதிய தண்ணீர். முழங்கால் லேசாகத் தளர்ந்திருக்கட்டும். 20 நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து நிற்கவைக்காதீர்கள். தலை சுற்றினால் அங்கேயே உட்கார்ந்துவிடலாம், யாரும் திட்ட மாட்டார்கள் என்று முன்பே சொல்லிவையுங்கள்.

தொண்டைக்கு என்ன கொடுப்பது?

தண்ணீர். பனங்கற்கண்டும் இஞ்சியும் இதமாக இருக்கும், ஆனால் விழுங்குவது எதுவும் குரல்நாணில் படுவதில்லை. குரல் கம்மினால் ஓய்வு கொடுங்கள், கிசுகிசுப்பதும் வேண்டாம். இரண்டு வாரத்துக்கு மேல் கம்மல் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள்.

பிள்ளைகளின் பாதுகாப்புக்கு என்ன ஏற்பாடு?

எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது; தனிப் பயிற்சியும் கதவு திறந்த அறையில்தான். வெளியூர்ப் பயணத்தில் 8 பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர், அவர்களில் பெண்கள் கட்டாயம். பெற்றோரின் எழுத்துச் சம்மதம், ஒவ்வாமைக் குறிப்பு, இரண்டு தொலைபேசி எண்கள் தாளில் இருக்கட்டும், போனில் மட்டும் போதாது. குழந்தைகள் உதவி எண் 1098-ஐப் பிள்ளைகளுக்கே சொல்லிக்கொடுங்கள். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் 2012 போக்சோ சட்டப்படி, குற்றம் நடந்தது தெரிந்தால் புகார் செய்வது ஒவ்வொருவரின் கடமை. குழுவுக்குள் பேசி முடிக்கிற விஷயம் இல்லை அது.

எந்தப் பாட்டையும் பாடி வெளியிடலாமா?

இந்தியாவில் எழுதியவர் மறைந்த பிறகும் 60 ஆண்டு வரை பதிப்புரிமை உண்டு. 1921-ல் மறைந்த பாரதியின் சொற்களை யாரும் பாடலாம். ஆனால் அவற்றுக்கு ஒரு திரை இசையமைப்பாளர் போட்ட மெட்டுக்குத் தனியாகப் பதிப்புரிமை இருக்கலாம். யூடியூபில் ஏற்றினால் உரிமை கோரல் வரலாம். புது மெட்டு அமைத்துக்கொள்வது நல்ல வழி, பிள்ளைகளுக்கும் அது ‘நம்ம பாட்டு’ ஆகும்.

நினைவுகளைப் பத்திரப்படுத்துவது எப்படி?

ஆண்டுக்கு இரண்டு முறையாவது, மேடையில் இல்லாமல் வகுப்பறையிலேயே பதிவு செய்யுங்கள். போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, ஸ்டாண்டில், இரண்டு மூன்று மீட்டர் தள்ளி வையுங்கள்; மின்விசிறியை நிறுத்துங்கள். கோப்பின் பெயரில் ஆண்டு, மாதம், பாட்டு மூன்றும் இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் தரம் குறையும், டாக்குமெண்ட்டாக அனுப்புங்கள். மூன்று பிரதிகள் வையுங்கள், ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும். போனில் மட்டும் வைத்த பதிவு அந்தப் போனோடு போய்விடும்.

படங்களில் சிலவற்றையாவது அச்சிடுங்கள். பின்பக்கம் மென்மையான பென்சிலால் இடமிருந்து வலமாகப் பெயர்களை எழுதுங்கள். பேனா மை மறுபக்கம் ஊறும். பசைத்தாள் ஆல்பத்தில் ஒட்டினால் சில ஆண்டுகளில் படம் மஞ்சளித்துப் பிய்க்க முடியாமல் போகும்.

பாட்டு நோட்டைத் தூக்கிப்போட விடாதீர்கள். பென்சில் மூச்சுக்கோடுகளும் ஓரத்தில் வரைந்த பூனையும் பிற்காலத்தில் படத்தைவிட அதிகம் பேசும். ஒவ்வொரு ஆண்டின் கடைசி வகுப்பிலும் அந்த நோட்டின் பின்னட்டையில் பக்கத்தில் பாடியவர் ஒரு வரி எழுதிக் கையெழுத்திடட்டும். ஒவ்வொரு வகுப்பையும் ஒரே குழுப்பாட்டோடு முடியுங்கள், ஆண்டுதோறும் மாற்றாதீர்கள். 2015-ல் சேர்ந்த பிள்ளைக்கும் 2025-ல் சேர்ந்த பிள்ளைக்கும் பொதுவாக இருக்கப்போவது அது ஒன்றுதான்.

பழைய உறுப்பினர்களைக் கூட்டிப் பாடவைக்க நினைக்கிறோம்.

குழுப்பாட்டையும் சுற்றுப்பாட்டையும் எடுங்கள், தாள் கொடுக்காதீர்கள். முதல் வரியில் தயங்குவார்கள், இரண்டாம் வரியிலிருந்து தானாக வரும். சுருதியை இரண்டு கட்டை இறக்குங்கள். ஆண்கள் தாங்களாகவே ஒரு ஸ்தாயி கீழே சேர்ந்துகொள்வார்கள். கீழ் வரிசை பாடியவர்களை மேல் வரிசைக்கு மாற்றாதீர்கள். அவர்கள் மனதில் பாட்டு என்று பதிந்திருப்பதே அந்தக் கீழ் வரிசைதான். அன்று சின்னப் பிள்ளைகளும் வரட்டும், அரைவட்டத்தில் பழையவர்களுக்கு இடையிடையே நிற்கட்டும்.